நோனாவின் கம்பளத்தில் ஒரு மூலை

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, கம்பளம் எடுக்கப் போகிற வீடுகளில் உங்களிடம் ஒரு கேள்வி தவறாமல் வரும். "இதை நாங்களே கழுவினால் என்ன? எதற்கு உங்களிடம் தர வேண்டும்?" நீங்கள் கம்பளத்தைப் பார்ப்பதற்குள் வீட்டுக்காரர் உங்களைத் தலை முதல் கால் வரை பார்த்து முடித்திருப்பார். அதற்காக முகத்தைச் சுளிக்காதீர்கள். சந்தேகப்படுகிறவன் படும் பாடு எனக்குத் தெரியும். நீங்கள் என்னைக் கம்பளம் கழுவிக் கழுவிக் கை வெளுத்துப்போன கிழவனாகத்தான் அறிவீர்கள். அதற்கு முன்னால் நான் கம்பளத்தைக் கொடுக்கிற பக்கத்தில் நின்றவன். சந்தேகப் பிராணி என்று தெருவெல்லாம் பெயர் எடுத்தவன்.

யுத்தம் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, மட்டக்களப்பு வாவிக்கு நடுவில் உள்ள புளியந்தீவில் ஒரு பறங்கி டாக்டரின் பங்களாவில் நான் வீட்டுப் பொறுப்பாளனாக இருந்தேன். வாகரையில் வலை இழுக்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்கு அது சின்ன வேலை இல்லை. பங்களாவின் பின்னால் இரண்டு அறை கொண்ட வீடும் தந்திருந்தார்கள். என் மனைவிக்கு அப்போது ஏழு மாதம். வேலை போனால் வீடும் போகும். வீடு போனால் வாகரைக்குத் திரும்பி, அண்ணன்மார் வீட்டு நெருக்கடிக்குள் அவளைப் பிரசவத்துக்குக் கிடத்த வேண்டும். அந்த நினைப்பு ஒரு நாளில் எத்தனை தடவை வந்து போகும் என்று சொல்லத் தெரியாது. சமையல்காரன் மீன் தலையை ஒளிக்கிறானா, பால்காரன் எந்தக் கிணற்றைப் பாலில் கலக்கிறான் என்று நான் உளவு பார்த்துத் திரிந்ததெல்லாம் அந்தப் பயத்தில்தான். பங்களாவில் எது பிழையாகப் போனாலும் என் தலையில்தானே விடியும்?

டாக்டரின் மனைவியை நாங்கள் நோனா என்போம். மட்டக்களப்பிலேயே பிறந்து வளர்ந்தவர். நம்மைப்போலத்தான் தமிழ் பேசுவார். அவருடைய தகப்பன் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி வந்த கம்பளம் ஒன்று மண்டபத்தில் கிடந்தது. பால் நிறத்தில் சிவப்புப் பூ. ஓரமெல்லாம் சிவப்புக் கொடி. பல வருடத் தூசியிலும் விளக்குக் கரியிலும் அந்தப் பால் நிறம் தேநீர் நிறமாகிவிட்டது. அந்த ஆடி மாதம் நோனா கண்டியில் இருந்த தங்கை வீட்டுக்குப் பத்து நாள் போகப் புறப்பட்டார். திரும்பி வந்ததும் மகளின் நிச்சயதார்த்தம் அந்த மண்டபத்தில்தான்.

காரில் ஏறுமுன் என்னைக் கூப்பிட்டார். "நான் வரக்குள்ள இந்தக் கம்பளம் கழுவி விரிச்சு இரிக்கோணும். நீயே கழுவுவியோ, ஆளப் புடிச்சுக் கழுவிப்பியோ, அது உன்ட பாடு. கம்பளத்துக்கு ஒண்டு நடந்துதெண்டா மறுகா நீ இந்த வளவுக்குள்ள நிக்கக்கூடா."

நோனா சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்ல.

நானே கழுவுவது என்றுதான் முதலில் தீர்மானித்தேன். வெளியாளிடம் கொடுத்தால்தானே ஏமாற்றுவான்? என் கையை நான் சந்தேகப்படத் தேவையில்லையே. ஆனாலும் பெரிய கம்பளத்தில் கை வைக்க மூன்று நாளாகியும் துணிவு வரவில்லை. அதே கம்பளியில் செய்த சின்ன மிதியடி ஒன்று குளியலறை வாசலில் கிடந்தது. அதைக் கழுவிப் பார்ப்போம் என்று பின்படிக்கட்டில் இறங்கி, ஊரார் ஆறு என்று சொல்லும் வாவியில் முக்கினேன். தண்ணீர்க் கரையில் பிறந்தவனுக்கு வேறு புத்தி எங்கே வரும்? உடுப்பும் அதில்தான், மாடும் அதில்தான், நாங்களும் அதில்தான். சவுக்காரம் போட்டுத் தேய்த்து, அலசி, படிக்கட்டு மதிலில் காயப் போட்டேன்.

பின்னேரம் எடுக்கப் போனால் பலகைபோல விறைத்து நின்றது. விடியப் பார்த்தால் சொதசொதவென்று ஈரம். மறுபடி காய வைத்தேன், மறுபடியும் பலகை. மயிர் நுனியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. எங்கள் நாய் வந்து அதை நக்கிக்கொண்டே நின்றது, கல்லெறிந்தாலும் போகவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாரியில் மழை வெள்ளம் நிறைந்து நல்ல தண்ணீராக ஓடிய அதே படிக்கட்டு என்ற நினைப்பில், ஆடி மாதத்தில் கடல் ஏறிய உப்புத் தண்ணீரில் கழுவியிருக்கிறேன். வேட்டியில் உப்பு இருந்தால் உதறிவிட்டுக் கட்டலாம். கம்பளியில் ஏறிய உப்பு லேசில் விடாது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இழுத்துக் குடிக்கும். வீட்டிலேயே கழுவலாமா என்று யாராவது கேட்டால், வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எந்தத் தண்ணீரில் என்று கேளுங்கள். பாதிப் பேர் அதற்கு மேல் பேசமாட்டார்கள்.

அடுத்த நாள் காலை ஒருவன் பங்களா வாசலில் வந்து நின்றான். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். ஏறாவூரைச் சேர்ந்தவன். தோணியில் போகும்போது படிக்கட்டு மதிலில் கிடந்த மிதியடியைக் கண்டானாம்.

"அண்ணன், அத ஆத்துத் தண்ணியிலயா கழுவினீங்க?" என்றான்.

கூப்பிடாமல் வாசலுக்கு வந்தவனை நான் அதுவரை நல்ல எண்ணத்தோடு பார்த்ததே இல்லை. "உனக்கென்ன தம்பி அதில?" என்றேன்.

"நான் கொழும்பில ஒரு கம்பளக் கடையில ஆறு வருசம் கழுவுற வேல பார்த்தன். நல்ல தண்ணியில நாலு தரம் அலசினா அந்த உப்புக் கழண்டு பெய்த்திரும்."

"ஏன் அந்த வேலைய விட்டுட்டு வந்த?"

"வாப்பா மௌத்தாப் பெய்த்தாரு. உம்மா தனிய. அதான்."

தகப்பன் இறந்ததைச் சொல்லும்போது அவன் கண் கலங்கியது உண்மை. எனக்கோ, களவில் பிடிபட்டுத் துரத்தியிருப்பார்கள் என்றுதான் பட்டது. ஆனாலும் என்னிடம் வேறு வழி இருக்கவில்லை. உள்ளே கூட்டிப் போய்ப் பெரிய கம்பளத்தைக் காட்டினேன். அவன் செருப்பை வெளியிலேயே கழற்றிவிட்டு வந்து மண்டியிட்டான். வெள்ளைத் துணி ஒன்றை நனைத்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் வைத்து, முழங்கையால் அழுத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தான். துணியில் அழுக்குத்தான் ஏறியது, சாயம் ஏறவில்லை. பிறகு எங்கள் கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுத் துப்பினான்.

"இதுவும் சவர், உப்புக் கரிக்கிது. எங்கட வீட்டுக் கிணறு நல்ல தண்ணி அண்ணன். ஏறாவூருக்குக் கொண்டு போய்க் கழுவிக் காயவெச்சு நாலாம் நாள் கொண்டு வாறன்."

கொண்டு போகிறானாம்! கம்பளக் கடையில் இருந்தவனுக்கு இதன் பெறுமதி தெரியும். இதே மாதிரி நைந்துபோன ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுத்து வந்து வைத்திருப்பான். நல்லதை வைத்துக்கொண்டு அதைக் கழுவிக் கொண்டுவந்து விரித்தால் எனக்கு என்ன தெரியப் போகிறது? நோனாவுக்குத் தெரியும். நோனா கண்டுபிடிக்கும்போது இவன் கொழும்பில் இருப்பான், நான் வாகரையில் இருப்பேன். இவ்வளவும் என் மனத்தில் ஓடியது. வாயைத் திறந்து அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. "சரி, பின்னேரம் மாட்டுக் கரத்தையோட வா" என்று மட்டும் சொன்னேன்.

அவன் போனதும் வீட்டுக்கு ஓடினேன். மனைவி கோழிகளுக்குத் தீனி போட்டுக்கொண்டு நின்றாள். அவளுடைய தையல் சாமான் அலுமாரியில் இருந்தது. ஊசியும் சிவப்பு நூலும் எடுத்துவந்து, கம்பளத்தின் ஒரு மூலையைத் திருப்பி, பின்பக்கத்துச் சிவப்புக் கொடிக்குள் இரண்டு தையல் போட்டு முடிச்சிட்டேன். சிவப்புக்குள் சிவப்பு. என்னைத் தவிர வேறு எவன் கண்ணிலும் படாது. மாற்றிக் கொண்டுவரட்டும், மூலையைத் திருப்பி மூஞ்சியில் காட்டுகிறேன் என்று நினைத்தபோது எனக்கு என் புத்தியை நினைத்துப் பெருமையாகவே இருந்தது.

நாலாம் நாள் காலை கரத்தை வந்தது. அடுத்த நாள் நோனா வர வேண்டும். கம்பளத்தை மண்டபத்தில் உருட்டி விரித்தான். நான் அசந்துபோனேன். பால் நிறம் பாலாகவே இருந்தது. பூக்கள் அப்போதுதான் பூத்தவைபோல இருந்தன. இவ்வளவு வெளிச்சமா? இது எங்கள் கம்பளமே இல்லை, மாற்றிவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். குனிந்து மூலையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தேன். என் நூல் இருந்தது; வேறொன்றையும் என் கண் பார்க்கவில்லை. கம்பளம் எங்களுடையதேதான். அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

"அண்ணன், ஒரு விசயம் செல்லோணும்" என்றான் அவன். அவன் முகம் வாடியிருந்தது. நான் நின்ற மூலையைக் காட்டினான். மேல்பக்கம், பால் நிற ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்கு இளஞ்சிவப்பாக ஊறியிருந்தது. "காலையில சுருட்டக்குள்ளதான் கண்டன். எப்படி வந்ததெண்டு விளங்கல்ல. இதில உள்ள சிவப்பு எல்லாத்தையும் நான் நனைச்சுப் பார்த்துத்தான் தொட்டன். இது கம்பளத்துச் சிவப்பில்ல. பின்பக்கத்த ஒருக்காப் பார்ப்பம்."

குனிந்து அந்த மூலையைப் பிடித்தான். நான் காலை வைத்து மிதித்துக்கொண்டேன்.

ஏன் மிதித்தேன் என்று கேட்பீர்கள். அப்போது எனக்குச் சாயத்தைப் பற்றி ஒரு யோசனையும் இல்லை. நூலை அவன் கண்டால், நான் அவனைக் கள்ளன் என்று நினைத்தது தெரிந்துவிடுமே என்ற வெட்கம்தான். வெட்கத்தை மறைக்கக் கத்தினேன். "உன்ட கைப்பிழைய மூலையில தேடாத! நாளைக்கு நோனா வந்தா நான் என்ன சொல்றது? என்ட வேல போனா நீயா என்ட குடும்பத்தப் பார்ப்ப?" அவன் என் காலையும் என் முகத்தையும் பார்த்தான். கூலியும் வாங்காமல் வெளியே போய்விட்டான்.

மத்தியானம் சோற்றின் முன்னால் உட்கார்ந்து மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். நூலைப் பற்றியும் சொன்னேன். அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"எந்த நூல்? கட்டை நூலா, டப்பாக்குள்ள சுத்தி வெச்சிருந்த நூலா?"

"டப்பாக்குள்ள இருந்தது."

"ஐயோ! அது சாயம் போற நூல். என்ட வெள்ளச் சட்டை முழுக்கச் சிவப்பாக்கினது அதுதானே. எறியக் கை வராம வேறயா எடுத்து வெச்சிருந்தன்."

ஈரம் காயக் காயச் சாயம் மயிர் நுனிக்கு ஏறும் என்பதெல்லாம் நான் பிறகு படித்தது. ஆனால் அந்தச் சிவப்பு யாருடையது என்பது எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது.

"மறுகா என்ன செய்யப் போறீங்க?" என்றாள். அவளே பதிலும் சொன்னாள். "நோனாட்டச் சொல்லாதீங்க. எனக்கு ஏழு மாசம். அந்த நூலப் போய் வெட்டி எறிஞ்சிட்டு வாங்க."

அவளைக் குறை சொல்லாதீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். கத்தரிக்கோலை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன். விறாந்தையில் ஏறும்போதே வாசலில் கார் வந்து நின்றது. நோனா ஒரு நாள் முந்தி வந்துவிட்டார்.

உள்ளே வந்தவர் கம்பளத்தைக் கண்டு முகம் மலர்ந்தார். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அப்படியே அந்த மூலைக்கும் வந்து சேர்ந்தார்.

"இதென்ன?"

"கழுவின ஆள்..." என்று இழுத்தேன்.

"எந்த ஆள்? அவனுக்கு வேல தெரியாதா?"

"தெரியாது போல நோனா."

என் வாயிலிருந்து அது எவ்வளவு லேசாக வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. தெரியாது போல! அவனைவிட அந்த வேலை தெரிந்தவனை நான் இன்றுவரை கண்டதில்லை.

அந்த நேரம் பார்த்து அவன் திரும்பி வந்தான். பஜாருக்குப் போயிருக்கிறான். கையில் ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினாகிரி ஒரு போத்தல், வெள்ளைத் துணி. தன் பிழையோ இல்லையோ, தன் கையால் போன கம்பளத்தை அப்படியே விட மனம் வராமல் கறையை எடுத்துப் பார்க்க வந்திருக்கிறான். வாசலில் நோனாவைக் கண்டு நின்றான்.

"நீதானா கழுவினது?" என்றார் நோனா. "இது என்ட தகப்பன்ட கம்பளம். இனி இந்தத் தீவில ஒரு பங்களாக்குள்ளயும் நீ கால் வைக்காம நான் பார்த்துக்கொள்ளுறன்."

அவன் போத்தலைக் கீழே வைத்தான். "நோனா, அந்த மூலையோட பின்பக்கத்த ஒருக்காப் பார்க்கச் செல்லுங்க. மறுகா போறன். நான் அதத் தொடமாட்டன். அண்ணனே பார்க்கட்டும். அண்ணன் செல்றது எனக்குப் போதும்."

நோனா என்னைப் பார்த்து, "திருப்பு" என்றார்.

மண்டியிட்டேன். என் முதுகு அவர்கள் பக்கம். மூலையைத் தூக்கியதும் நூல் கட்டைவிரலுக்குக் கீழே வந்துவிட்டது. இரண்டு தையல்தான். ஒரு இழுப்பு. நகத்தால் இழுத்து மடிக்குள் போட்டுக்கொண்டு, "ஒண்டும் இல்ல நோனா" என்றால் முடிந்தது. வீடு இருக்கும், பிள்ளை டாக்டர் பங்களா வளவில் பிறக்கும். அப்போதும் என் புத்தி சந்தேகத்தைத்தான் பிடித்தது. இவன் ஏற்கெனவே கண்டுவிட்டானோ? தெரிந்துகொண்டே என்னைப் பொறியில் மாட்டுகிறானோ? தலையைத் திருப்பிப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை. நோனாவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு, தீர்ப்புக்கு நிற்பவன்போல நிலத்தைப் பார்த்து நின்றான். காலையில் அவ்வளவு ஏசியவனை நம்பி நிற்கிறான். எனக்கு அவன்மேல் வந்த ஆத்திரம் சொல்லி முடியாது. என்னை ஏன்டா நம்புகிறாய் என்று கத்த வேண்டும்போல இருந்தது.

"நோனா, இதில ஒரு நூல் இரிக்கி. நான் கட்டினது" என்றேன்.

"எதுக்கு?"

"இவன் கம்பளத்த மாத்திப்போடுவான் எண்டு அடையாளத்துக்கு. அந்த நூல்தான் சாயம் போயிட்டு. இவனில பிழையில்ல."

நோனா கதிரையில் உட்கார்ந்தார். "ஆளச் சந்தேகப்பட்டதுக்கு நான் ஏசமாட்டன்" என்றார் பிறகு. "வந்ததும் உன்னட்டக் கேட்டன்தானே. அப்ப உனக்குத் தெரியும்தானே?"

"ஓம் நோனா."

"மாசம் முடியுமட்டும் இரு. மறுகா வேற இடம் பார்."

அவ்வளவுதான். கெஞ்சவில்லை. கெஞ்சினாலும் நோனா மாறமாட்டார். ஏறாவூர்த் தம்பி என் கையிலிருந்த மூலையை வாங்கி, நூலை வெட்டி எடுத்துவிட்டு, வினாகிரியில் துணியை நனைத்து வைப்பதும் எடுப்பதுமாகப் பின்னேரம் வரை குந்தியிருந்தான். இடம் தெரிந்தவன் தேடினால் மட்டும் கண்டுபிடிக்கலாம் என்கிற அளவுக்கு அந்தச் சிவப்பு வெளுத்தது. நோனா அவனுக்குக் கூலியும் கொடுத்து, திருகோணமலையில் நேவிக்காரர் வீடுகளில் கம்பளம் கழுவ ஆள் தேடுகிறார்கள், எழுதிப் போடுகிறேன் என்றும் சொன்னார்.

பிள்ளைகளே, வீட்டுக்காரர் உங்களைச் சந்தேகப்பட்டால் அவரைப் பேச விடுங்கள். பேசாமல் சந்தேகப்படுகிறவரிடம்தான் கவனம் வேண்டும். "ஏதும் அடையாளம் வைத்தீர்களா?" என்று நீங்களே சிரித்துக்கொண்டு கேளுங்கள். கோபப்படமாட்டார்கள். அநேகமாக வெட்கப்பட்டுக்கொண்டு இடத்தைக் காட்டுவார்கள். உங்களுக்கு ஒருவர்மேல் சந்தேகம் வந்தாலும் இதேதான். அவருடைய முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். ஒரு சண்டையோடு முடிந்துபோகும்.

அவன் போகும்போது நான் வாசல் படலை வரை கூடவே போனேன். அவன்தான் திரும்பினான். கண் சிவந்திருந்தது.

"நான் களவெடுப்பன் எண்டா நினைச்சீங்க?"

"ஓம்" என்றேன். இனிப் பொய் சொல்லி என்ன?

"கேட்டிருக்கலாமே அண்ணன்! நல்ல தண்ணியப் பீப்பாவில ஏத்தி வந்து ஒங்கட கண்ணுக்கு முன்னால கழுவியிருப்பனே!"

ஏசட்டும் என்று நின்றேன். அவன் கோபத்தோடு கரத்தையில் ஏறி மாட்டைத் தட்டினான். கொஞ்சத் தூரம் போன கரத்தை நின்றது. இறங்கி நடந்து வந்தான்.

"திருகோணமலைக்கு என்னோட வாறீங்களா? அங்க பெரிய பெரிய கம்பளமாம். தனிய ஏலாது. வீடு ஒண்டும் பார்க்கலாம், மதினியும் வரட்டும்."

"என்னை நம்பியா தம்பி கூப்பிடுற?"

"நம்பியா?" என்று அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "இல்ல அண்ணன். பின்பக்கத்தப் பார்க்காமக் கழுவினது என்ட பிழை. நீங்க கழுவியிருந்தா நாலு மூலையையும் கிளறிப் பார்த்திருப்பீங்க."